இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்த நட்சத்திரம்

சென்ற மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு மாணவர்கள் வீடு தேடி வந்தார்கள். மிச்சமிருக்கும் கண்ணாடித் தகடுகளையும் கட்டி வேறிடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது எழுதித் தந்தால் ஆண்டு மலரில் போடலாம் என்றார்கள். "நிஜமாவே கண்ணால பார்த்தா எண்ணினீங்க மேடம்? எல்லாத்தையுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு, சிறிது நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. என் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான்.

என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்தது. ஸ்ரீராம்புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். முப்பது தாண்டிவிட்டது. மாப்பிள்ளை பார்ப்பதை வீட்டில் சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு வேலை காலியிருப்பதாகச் சொன்னார். "பேச்சே வேணாம்மா, பார்க்கிற வேலை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போனேன்.

அங்கே ஆராய்ச்சியை நடத்திய வெங்கடேசையா சார் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, தெரிவதைத் தாளில் வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "இங்கே ஒரு கோடு போட்டு அழிச்சிருக்கீங்க?" என்றார்.

"இருக்குமோன்னு தோணுச்சு சார். மறுபடி பார்த்தேன். இல்ல."

"நாளைக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான் என் நேர்காணல்.

அந்தத் தகடுகள் சாதாரணக் கண்ணாடி அல்ல. மேலே கெட்டியாக ஒரு பூச்சு இருக்கும். போட்டோ பிலிமில் இருப்பது போன்றதுதான், வெள்ளி கலந்தது, ஆனால் பல மடங்கு தடிமன். கடல் தாண்டி ஒரு பெரிய கூடத்தில், கந்தக அணுக்கருக்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்கு ஓட்டி, அந்தத் தகடுகளின் விளிம்பு வழியாக உள்ளே பாய்ச்சுவார்கள். அவை போன வழியெல்லாம் பூச்சுக்குள் கறுப்புப் புள்ளிகளாகத் தடம் விழும். தகட்டைக் கழுவிப் பதமாக்கிய பின் அது எங்களிடம் வரும். ஒவ்வொரு தடமாகப் பிடித்து, விளிம்பிலிருந்து கடைசிவரை கூடவே போக வேண்டும். பெரும்பாலான தடங்கள் எதிலும் மோதாமல் மறுபக்கம் போய்விடும். எப்போதாவது ஒன்று, பூச்சிலிருக்கும் வெள்ளியின் அணுக்கருவில் மோதிச் சிதறியிருக்கும். அந்தச் சிதறலுக்கு எங்கள் அறையில் நட்சத்திரம் என்று பெயர்.

இதெல்லாம் எதற்கு என்று சார் ஒரே ஒருமுறைதான் விளக்கினார். அவருக்குத் தாய்மொழி கன்னடம்; எங்களுக்காகத் தமிழில் பேசுவார்.

"நோடிம்மா, பாருங்க, சாயங்காலம் சிவாஜிநகர்ல பஸ் ஏறியிருக்கீங்க இல்லையா? உள்ளே எது நம்ம கை, எது பக்கத்து ஆள் கைன்னு தெரியாம நசுங்கறோம். ரெண்டு அணுக்கரு நேருக்கு நேர் மோதினா உள்ளே அப்படி ஒரு நெரிசல். அதுக்குள்ள இருக்கிறது ஒண்ணுக்கும் தான் யாருன்னு தெரியாது. கண்மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் வெளியே சிதறிடும். உள்ளே போய் யாரும் பார்க்க முடியாது. வெளியே விழுந்தவங்க எந்தப் பக்கம், எத்தனை பேர், எப்படி ஓடினாங்கன்னு பார்த்துத்தான் உள்ளே எவ்வளவு நெரிசல்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டக்டர் எங்க சார் நிப்பாரு?" என்று கேட்டாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஃபிலோமினா அக்கா.

"கண்டக்டர் நீங்கதான்" என்றார் சார், சிரிக்காமல்.

அந்த நெரிசலில் அணுக்கருப் பொருள் இயல்பைவிடப் பல மடங்கு அடர்த்தியாகிறது. அந்த அடர்த்தியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அவர்களின் ஆராய்ச்சி. எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கந்தகம் ஓரமாக உரசிக்கொண்டு போனால், அதன் ஒரு துண்டாவது சேதமில்லாமல் நேர் முன்னால் போகும். மற்ற மெல்லிய கோடுகளுக்கு நடுவே அது மட்டும் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். நேருக்கு நேர் மோதியிருந்தால் முன்பக்கத்தில் அப்படி எதுவும் மிஞ்சாது. மிஞ்சாத நட்சத்திரம்தான் சார் தேடியது. முன்பக்கத்தில் ஒரே ஒரு தடித்த கோட்டைப் பார்க்கத் தவறினாலும், உரசலை மோதல் என்று எழுதிவிடுவோம்.

முதல் சில மாதங்கள் எனக்குத் தலைவலியும் குமட்டலும்தான். அக்கா கற்றுக்கொடுத்தாள். லென்ஸின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், குமிழி வரக்கூடாது. இடது கை தகட்டை நகர்த்தும் திருகில், வலது கை நுண் திருகில். பூச்சுக்கு ஆழம் உண்டு. ஒரு மட்டத்தில் பார்த்தால் கோடு பாதியில் அறுந்ததுபோல் இருக்கும். விரலால் மேலும் கீழும் மூழ்கி எழுந்துகொண்டே பார்க்க வேண்டும். கந்தகத்தின் தடம் கம்பளிப்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் மயிர் நீட்டிக்கொண்டு போகும். "பூச்சியை விட்டுடாதடி, அது போற எடத்துக்கெல்லாம் போ" என்பாள். வேலை முடிந்ததும் சைலீன் திரவம் தொட்ட மெல்லிய தாளால் எண்ணெயை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை. இரண்டு மைக்ரோஸ்கோப்புகள், இரண்டு பெண்கள். அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரே தகட்டை நாங்கள் இருவரும் தனித்தனியாகப் பார்ப்போம். ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது. சனிக்கிழமை சார் இரண்டு பேரின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். இருவரும் கண்டது ஒன்றானால் பச்சைப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். ஒன்றாகாவிட்டால் அவரே வந்து பார்ப்பார். இருவர் தனித்தனியாகக் கண்டதை வைத்துத்தான், இருவருமே காணாமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட முடியுமாம். நாங்கள் பேசிக்கொண்டால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

சாரின் குணத்தைச் சொல்ல வேண்டும். அவர் தன்னுடைய அறைக்குள் வருவதற்கே கதவைத் தட்டுவார். தட்டிவிட்டு, வெளி வெளிச்சம் எங்கள் கண்ணில் படாமல் திரும்பிக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் திறப்பார். செருப்பு வாசலிலேயே இருக்கும். "நிச்சயமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இன்னொரு சல பார்க்கலாமா?" என்பார்; சல என்றால் கன்னடத்தில் தடவை. மறுபடி பார்த்தும் அதே பதில் வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மாறுபட்ட நட்சத்திரத்தை அவர் வந்து பார்த்த பிறகும், யார் சொன்னது சரி என்று எங்களிடம் சொல்ல மாட்டார். சொன்னால் சரியானவளுக்குத் தைரியமும் மற்றவளுக்குப் பயமும் வரும், இரண்டுமே கண்ணுக்கு ஆகாது என்று பிற்பாடு ஒருமுறை சொன்னார்.

பேசக் கூடாது என்ற சட்டம் எனக்குச் சட்டையைப் போலப் பொருந்தியது. அக்காவுக்கு அது சிறை. தகட்டைப் பற்றிப் பேச முடியாததால் உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பேசுவாள். காக்ஸ் டவுன் மாதா கோயிலில் யார் பாட்டில் சுருதி விட்டது, மகள் ரீட்டாவுக்கு வந்த வரன், மீன்காரன் ஏமாற்றியது. "நீ 'உம்' கொட்டுறதுக்குக் கூடக் கணக்கு வச்சிருக்கியாடி?" என்பாள். அந்த வருஷம் டிசம்பரில் காவிரித் தகராறில் தமிழர்களைத் தேடி அடித்து ஊர் பற்றி எரிந்தபோது, ஸ்ரீராம்புரத்துக்குப் போகும் பஸ் நின்றுபோனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, கேட்காமலே, தன் வீட்டுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர் அடங்கும்வரை ரீட்டாவோடு ஒரே பாயில் படுத்தேன். ஒருவர் என்னை அப்படிப் பிடித்து இழுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சில வருஷங்கள் அப்படி ஓடின. தினமும் வேலை முடிந்து சிவாஜிநகர் வரை சேர்ந்து போவோம். அங்கிருந்து அவளுக்கு ஒரு பஸ், எனக்கு ஒன்று. ஒருநாள் வருகிற பஸ்ஸைப் பார்த்து, "போர்டுல இன்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாளும் கேட்டாள். பிறகு தினமும் கேட்டாள். சர்க்கரை வியாதி அவளுக்கு முன்பே உண்டு. தினமும் நான் போர்டைப் படித்துச் சொன்னேன், அவள் ஏறினாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த நட்சத்திரம் வந்தது.

அந்தத் தகட்டை முதலில் பார்த்தவள் அக்கா. பிறகு என்னிடம் வந்தது. ஒரு பூச்சியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று அது இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெடிப்பு. சுற்றிலும் குட்டையான கருங்கோடுகள். முன்பக்கம் விளக்குமாற்றை விரித்த மாதிரி மெல்லிய கோடுகள், எண்ண எண்ண எண்ணிக்கை தவறிப்போகும் அளவுக்கு நெருக்கமாக. அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சார் இத்தனை வருஷம் தேடியது இதுதான் என்று தோன்றியது. எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முன்பக்கத்தை மட்டும் அன்று பகல் முழுக்கப் பார்த்தேன். அந்த நெருக்கத்துக்குள் ஒரு கோடு, வலப்பக்கம் சற்றுக் கீழே சாய்ந்து, மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பாக. இன்னும் ஆழத்தில் மூழ்கினால், இடப்பக்கம் இன்னொன்று. இல்லாமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று இருந்தது. மறுபடி பார்த்தேன். இருந்தன. இரண்டு என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம், வளாகத்துக்குள் மழைமரத்தின் கீழ் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா டப்பாவைத் திறக்கவில்லை.

"கற்பகம், அந்தப் பெரிசு... பார்த்தியா?"

அத்தனை வருஷத்தில் அவள் தகட்டைப் பற்றி வாயெடுத்தது அதுதான் முதல் தடவை.

"முன்னால ஏதாச்சும் இருந்துச்சாடி? அத்த மட்டும் சொல்லு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தாள் இன்னும் சாரிடம் போகவில்லை, அவளுடைய மேஜையில்தான் இருக்கிறது. பஸ் போர்டு தெரியாத கண்ணுக்கு இந்தக் கோடு தெரிந்திருக்காது. நான் வாய் திறந்தால் அவள் திருத்தி எழுதிவிடலாம், வேலை நிலைக்கும், டிக் விழும். ஆனால் அந்த டிக்குக்கு அர்த்தம் இருக்காது. இப்படியெல்லாம் நினைத்தேனா, அல்லது வழக்கம்போல வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு, "சரி விடு, சாப்பிடு. ஆறிப்போவுது" என்றாள். என் டப்பாவில் இருந்தது தயிர்சாதம்.

சனிக்கிழமை சார் தட்டினார், காத்திருந்தார், உள்ளே வந்தார். இரண்டு தாள்களும் அவர் கையில் இருந்தன. அக்கா எதையும் திருத்தவில்லை. அவள் தாளில் முன்பக்கம் ஒன்றுமில்லை என்றிருந்தது. என் தாளில் இரண்டு. தாள்கள் என் பக்கம் சாய்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது; எந்த இடத்தில் மாறுபட்டது என்று சார் வாயால் சொல்லவில்லை.

"இன்னொரு சல பார்க்கலாமா?" என்றார் சார் பொதுவாக.

"வேணாம் சார்" என்றாள் அக்கா, எழுந்து நின்று. "என் கண்ணு சரியில்ல. ரொம்ப நாளா சரியில்ல. இனிமே நான் பார்க்கிறத நீங்க நம்பக் கூடாது."

சார் தாள்களை மேஜையில் வைத்தார். டாக்டரிடம் காட்டலாம், ஸ்டோரில் தகடுகளை எடுத்து வைக்கிற வேலை இருக்கிறது, நான் மேலே பேசுகிறேன் என்றார்.

"பார்க்கிற எடத்துல பார்க்காம உக்காந்திருக்க என்னால முடியாது சார்" என்றாள். அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள். கடைசி நாளில் சிவாஜிநகரில் பஸ் போர்டைப் படித்துச் சொன்னேன். ஏறினாள். "வீட்டுக்கு வாடி. வழி தெரியுமில்ல?" என்று படியில் நின்றபடி சொன்னாள். தலையாட்டினேன். அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

சார் அந்த நட்சத்திரத்தை வந்து பார்த்தார். வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் தேடிய பட்டியலில் அது சேரவில்லை என்று பின்னால் தெரிந்தது.

புதிதாக ஆள் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கூடங்களில் எல்லாமே மின்னணுக் கருவிகளாக மாறிக்கொண்டிருந்தன. இந்தக் கண்ணாடிக்கு யார் புது ஆள் தருவார்கள்? எனவே இரண்டாவது ஆளும் நானே ஆனேன். ஒரு தகட்டைப் பார்த்து முடித்ததும் சார் அதைப் பூட்டி வைத்துவிடுவார். பல மாதங்கள் கழித்து, தலைகீழாகத் திருப்பி, எண்ணை மறைத்து, மறுபடி என் முன் வைப்பார். முன்பு பார்த்ததை மறந்து, வேறு ஒருத்தியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். முகங்கள் மறந்துபோகும், நட்சத்திரங்கள் எனக்கு மறக்கவில்லை. திருப்பி வைத்தாலும் தெரிந்துகொள்வேன். 'இது எனக்கு முன்பே தெரியும் சார்' என்று சொல்லி அந்தத் தகட்டை விலக்கச் சொல்வேன். அந்த வருஷங்களில் நான் அதிகம் பேசிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எதிர் நாற்காலியை யாரும் எடுத்துப் போகவில்லை. காலையில் துணியால் இரண்டு மைக்ரோஸ்கோப்புகளையும் துடைப்பேன். மத்தியானம் மழைமரத்தின் கீழ் தனியாகச் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காக்ஸ் டவுன் போகலாம் என்று புடவை மாற்றிக்கொள்வேன். போய் என்ன பேசுவது? அவள் தவறவிட்டதை நான் பார்த்தேன் என்பதைத் தவிர எங்களுக்குள் புதிதாக ஒன்றுமில்லையே. புடவையை மடித்து வைத்துவிடுவேன்.

சார் ஓய்வுபெற்று மைசூர் போய்விட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்களில் அறையையும் மூடினார்கள். எனக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். ஜன்னலின் கறுப்புத் துணியைக் கழற்றியபோதுதான், அந்த ஜன்னலிலிருந்து மழைமரம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் போனேன். வழி மறக்கவில்லை. கதவு திறந்திருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முகம் என் பக்கம் இருந்தது. கண் என் மேல் நிற்கவில்லை. நான் வாசலில் நின்றேன்.

"யாரது?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"பேசாம நிக்கிறதப் பார்த்தா கற்பகம் மாதிரி இருக்கே" என்றாள். "வாடி உள்ள. ரீட்டா, காபி போடு. இன்னாடி, வழி கண்டுபிடிக்க இத்தன வருஷமா?"

காபி வந்தது. அவள் பேசினாள், நான் உம் கொட்டினேன். அறையை மூடிவிட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பட்டாணித் தோலை விரலால் துழாவினாள்.

"அப்ப சட்டமெல்லாம் போச்சு இல்ல? இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"அன்னிக்கு அந்தப் பெரிசுல நான் ஒரு கோடு பார்த்தேண்டி."

என் கையில் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"பார்த்துட்டு ஏன் ஒண்ணுமில்லன்னு எழுதினீங்க?"

"அந்த சமயம் எனக்கு எங்க பார்த்தாலும் கோடுடி. செவுத்துல, வானத்துல, சோத்துல. சர்க்கரையில கண்ணு தானா கோடு போடுது. இது தகட்டுல இருக்கா, என் கண்ணுல இருக்கான்னு தெரியல. இல்லாதத எழுதக் கூடாதில்ல? அதான் உன்னக் கேட்டேன். வேலைக்காக இல்ல. கண்ணு போச்சா இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. சரி, அங்க ஒண்ணும் இல்ல, என்கிட்ட சொல்ல மனசு வராம இவ வாய மூடிக்கிட்டான்னு நெனச்சேன். சனிக்கிழம தாள் ஒத்துப்போவலன்னதும், மத்த கோட்ட எண்ணினதுல தப்பிட்டேன்னு எடுத்துக்கிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், அன்று மரத்தடியில் காத்திருந்த மாதிரியே.

"எந்தப் பக்கம் பார்த்தீங்க?" என்றேன்.

"நீ சொல்லேன்."

"இல்லக்கா. முதல்ல பார்த்தது நீங்க. நீங்க சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை விரல்கள் நுண் திருகைப் பிடித்த மாதிரி கூடி, காற்றில் மெல்ல அசைந்தன.

"வலப்பக்கம். கொஞ்சம் கீழ சாஞ்சு. மத்ததவிடத் தடிப்பு, ஒரு இழை தடிப்பு."

"இருந்துச்சுக்கா" என்றேன். "அதே எடத்துல. இன்னொண்ணு இடப்பக்கம் ஆழத்துல இருந்துச்சு. ஆனா அந்த ஒண்ணு, நீங்க சொன்ன எடத்துலயேதான்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "அடிப்பாவி! ரீட்டா, இங்க வா, கேட்டியா? அன்னிக்கு உங்கம்மா கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு! அதுக்கப்புறம்தான் போச்சு, அன்னிக்கு நல்லா இருந்திருக்கு!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எப்படியும் ஒரு வருஷத்தில் நின்றிருக்க வேண்டியதுதான், நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே என்றும் சொன்னாள். மடியிலிருந்த பட்டாணி கீழே சிதறியது. ரீட்டா குனிந்து பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன்.

இருவர் தனித்தனியாகப் பார்த்து, ஒரே இடத்தில் ஒரே கோட்டைச் சொல்லியிருக்கிறோம். பச்சைப் பென்சிலால் டிக் போட வேண்டிய இடம். போட வேண்டியவர் அங்கே இல்லை.